கணினி எழுந்திருக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, திரையில் சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு எத்தனை முறை உட்கார்ந்திருப்பீர்கள்! அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1983-ல் ஆப்பிள் நிறுவனம் தன் முதல் மெக்கின்டாஷ் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தது. அது எழுந்திருக்க அதிக நேரம் பிடித்தது. லாரி கென்யான் என்ற பொறியாளரிடம் ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், பத்து விநாடி குறைத்தால் அது உயிர்களைக் காப்பாற்றுவதற்குச் சமம் என்று வாதாடினாராம். 50 லட்சம் பேர் தினமும் பயன்படுத்துவார்கள் என்பது அவர் கணக்கு. நானும் போட்டுப் பார்த்தேன். ஆளுக்குப் பத்து விநாடி என்றால் ஒரு நாளைக்கு 5 கோடி விநாடி. ஒரு வருடத்தில் இருப்பதே சுமார் 3 கோடியே 15 லட்சம் விநாடிதான்! ஆக, ஒரே நாளில் ஒன்றரை வருடம் மிச்சம். வருடம் முழுக்கக் கூட்டினால் 570 வருடங்களுக்கு மேல், ஏழெட்டு மனித ஆயுள். அந்தக் குழு அடுத்த சில மாதங்களில் பத்து விநாடிக்கு மேலேயே குறைத்தது. இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களைத்தான் இயங்குதளம் என்கிறோம். இன்று எந்த இயங்குதளம் வேகமானது? கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, கடவுச்சொல் கேட்கும் திரை வந்ததும் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகும் பின்னணியில் ஏதேதோ ஏறிக்கொண்டிருக்கும். முதல் எழுத்தைத் தட்டச்சு செய்ய முடிகிற வரை அளக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போட்டால் கிடைக்கும் வேகம், இயங்குதளத்தை மாற்றினால் கிடைப்பதைவிட அநேகமாக அதிகம்.

விண்டோஸில் இன்னொரு விஷயம் உண்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், நீங்கள் ‘ஷட்டவுன்’ கொடுக்கும்போது உங்கள் நிரல்கள் மூடப்படும். ஆனால் உள்ளே இருக்கும் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், நிலை வட்டில் எழுதி வைக்கப்படும். அடுத்த முறை அதை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் சீக்கிரம் எழுகிறது. இந்த வசதி இயங்கும் கணினிகளில், ஏதாவது கோளாறு என்றால் அணைத்துப் போடுவது போதாது. பழைய நிலையே திரும்பி வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். மறுபடியும் சொல்கிறேன்: கோளாறு என்றால் ரீஸ்டார்ட். ஷட்டவுன் அல்ல.

என்னைக் கேட்டால், எழுந்திருக்க எத்தனை விநாடி என்பதைவிட, இயங்குதளம் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறது என்பதே முக்கியம். ஒரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற விண்டோஸ் பொதுவாக விடாது. அதனால் அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும். லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. ஓடுகிற நிரல் பழைய உள்ளடக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அதே பெயரில் புதியதை வைத்துவிடலாம். அப்புறம் அந்த நிரலை மட்டும் மூடித் திறந்தால் போதும். பெரும்பாலும் கெர்னலே மாறும்போதுதான் முழுக் கணினியையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். மேக்கில் 2020 முதல் இயங்குதளப் பகுதி முத்திரையிட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் இயங்குதள அப்டேட்டுக்கு ரீஸ்டார்ட் வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது, கடைசி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கெர்னலைக்கூட ஓடும்போதே ஒட்டுப்போட, அதாவது பிழை திருத்த, முடியும். 2015-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அதற்கு வழி இருக்கிறது. கெர்னலுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு பகுதிக்குச் செயற்கூறு என்று பெயர். பிழையுள்ள செயற்கூறு அழைக்கப்பட்டால், அந்த அழைப்பு திருத்திய செயற்கூறுக்குத் திருப்பிவிடப்படும். பல பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இது போதும்; புதிய பதிப்புக்கே மாறுவதென்றால் ரீஸ்டார்ட்தான். நன்றி, வணக்கம்.