கைதானவர் எந்தக் கட்சி?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் எழுதியதற்காக ஒருவர் கைது என்று செய்தி வருகிறது. அவர் என்ன எழுதினார் என்று கேட்பவர் குறைவு. எந்தக் கட்சிக்காரர் என்றுதான் முதலில் கேட்கிறோம். அது தெரிந்துவிட்டால் தீர்ப்பும் தயார். நம் ஆள் என்றால் கருத்துரிமைக்கு ஆபத்து. எதிரணி என்றால், "நன்றாக வேண்டும்!"

2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை முழுக்கக் கடையடைப்பு. அருகில் பால்கரில் ஓர் இளம்பெண் முகநூலில் சில வரிகள் எழுதினார். தினமும் ஆயிரக்கணக்கானோர் இறக்கிறார்கள், உலகம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மும்பை இன்று அடைபட்டது மரியாதையால் அல்ல, அச்சத்தால் என்பது அதன் சாரம். அவருடைய தோழி செய்தது, அதற்கு ஒரு 'லைக்' போட்டது மட்டும். இருவரையும் கைது செய்தார்கள். எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. அந்தப் பதிவு 'எல்லா மரியாதையுடனும்' என்றே தொடங்குகிறது. கல்லெடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த முதல் வரியையாவது படித்திருப்பார்கள்?

கைதுக்குக் கைகொடுத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. எரிச்சலூட்டும் செய்தி, அசௌகரியம் தரும் செய்தி என்றெல்லாம் அதில் இருந்தது. அதற்கு மூன்றாண்டு வரை சிறை! எரிச்சல் யாருக்குத்தான் வராது? 2008 டிசம்பரில், காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில், நாடாளுமன்ற அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறிய திருத்தம் அது.

அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவின் அருண் ஜேட்லி அந்தப் பிரிவை மாநிலங்களவையில் கடுமையாக விமர்சித்தார். 2014இல் ஆட்சி மாறியது. புதிய அரசின் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் நின்று அதே பிரிவுக்காக வாதாடினார். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதியும் தந்தார். நீதிபதிகள் மசியவில்லை. அரசுகள் வரும், போகும். 66ஏ என்றென்றும் இருக்கும். இந்த அரசின் உறுதிமொழி அடுத்த அரசைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, 2015 மார்ச் 24 அன்று அதை ரத்து செய்தார்கள். தீர்ப்பை வரவேற்றவர்களில், அதைக் கொண்டுவந்த காங்கிரஸ்காரர்களும் இருந்தார்கள். கூச்சம் என்ற ஒன்று அரசியலில் எப்போதோ விடைபெற்றுவிட்டது.

இடதுசாரிகளும் அன்று வரவேற்றார்கள். ஆனால் 2020 நவம்பரில் கேரளத்தின் இடது முன்னணி அரசே அவதூறான பதிவுகளைத் தண்டிக்க, காவல்துறைச் சட்டத்தில் 118ஏ என்ற புதுப் பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. அதிலும் மூன்றாண்டு சிறை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது இதுதான். எதிர்ப்பு சொந்த அணிக்குள்ளிருந்தும் கிளம்பியதால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். அந்த மட்டில் அவர்களைப் பாராட்டலாம்.

ரத்தான பிரிவு என்ன ஆயிற்று? தீர்ப்புக்குப் பிறகும் காவல் நிலையங்களில் அதன் கீழ் ஆயிரத்துக்கும் மேல் வழக்குகள் பதிவாகியிருந்தது 2021இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். வழக்குகள் நிலுவையில் இருந்த பதினொரு மாநிலங்களில் உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், மேற்கு வங்கம், தமிழ்நாடு எல்லாமே உண்டு. அவற்றை ஆண்ட கட்சிகளின் கொடிகளை வரிசையாக நட்டால், அதில் விடுபடும் நிறத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.