தாமஸ் ஆர்ன்: மெட்டு தெரியும், ஆளைத் தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. 'ரூல் பிரிட்டானியா' என்ற பிரிட்டிஷ் தேசபக்திப் பாட்டின் மெட்டை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். லண்டன் 'ப்ராம்ஸ்' (Proms) இசை விழாவின் கடைசி இரவில் கொடியை ஆட்டிக்கொண்டு பாடுவார்களே, அதுதான். இசையமைத்தவர் தாமஸ் ஆர்ன். இந்த ஒரு பாட்டு அவருடைய மற்ற வேலையையெல்லாம் மறைத்துவிட்டது என்பது என் ஆதங்கம்.

1710இல் லண்டன் கோவென்ட் கார்டனில் பிறந்தவர். அப்பாவுக்கு நாற்காலி, சோபாவுக்கு மெத்தையும் உறையும் தைக்கும் தொழில். மகனை ஈட்டனில் படிக்கவைத்து, வக்கீலிடம் பயிற்சிக்கு அனுப்பினார். பையனுக்கோ மனசெல்லாம் இசையில். ரகசியமாக ஒரு ஸ்பினெட்டை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். சின்ன ஹார்ப்சிகார்டு மாதிரி ஒரு வாத்தியம். கட்டையை அழுத்தினால் உள்ளே தந்தி மீட்டப்படும். சத்தம் வெளியே போகக்கூடாதென்று தந்திகள்மேல் கைக்குட்டையைப் போட்டு, வீடே தூங்கிய பிறகு வாசித்தான். ஓபரா, அதாவது பாட்டாலேயே நடத்தும் நாடகம், கேட்க இன்னொரு வழி கண்டுபிடித்தான்: வேலைக்காரர் சீருடையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, அவர்களுக்கான கேலரியில் போய் உட்கார்ந்துவிடுவான். பின்னாளில் ஆர்னிடம் பயிற்சி பெற்ற சார்லஸ் பர்னி எழுதிவைத்த செய்திகள் இவை.

தங்கை சுசன்னாவுக்கும் ஆர்னே பாடக் கற்றுக்கொடுத்தார். 1742இல் டப்ளினில் இசையமைப்பாளர் ஹாண்டெலின் 'மெசையா' அரங்கேறியபோது பாடியவர்களில் அந்தத் தங்கையும் ஒருவர்.

ஆர்ன் கத்தோலிக்கர். அன்றைய இங்கிலாந்தில் அரசு மதமான ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் வேலை அவருக்குக் கிடைக்காது. ஆக, நாடகக் கொட்டகைதான் பிழைப்பு. 1738இல் மில்டனின் 'கோமஸ்' நாடகத்துக்கு இசை, 1740இல் ஷேக்ஸ்பியர் நாடகப் பாடல்களுக்கு இசை என்று எழுதித் தள்ளினார். 'ரூல் பிரிட்டானியா'வும் 1740தான். இளவரசர் ஃபிரெடெரிக்கின் கிளைவ்டன் மாளிகையில் நடந்த 'ஆல்ஃபிரெட்' என்ற மேடை நிகழ்ச்சிக்காகப் போட்ட பாட்டு.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1762இல் கோவென்ட் கார்டன் கொட்டகையில் வந்த 'ஆர்டக்ஸெர்க்ஸீஸ்' ஓபரா. ஆங்கில மேடையில் பொதுவாகப் பேச்சுக்கு நடுவே பாட்டு வரும். இவர் இத்தாலிய ஓபரா பாணியில், வசனத்தையும் சேர்த்து முழுக்கப் பாட்டாகவே ஆங்கிலத்தில் போட்டார். அது பெரிய துணிச்சல். ஜனங்களும் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு இதே ஓபராவின்போது கொட்டகையில் ரகளையும் நடந்தது. மூன்றாம் அங்கம் முடிந்து வருபவர்களுக்குப் பாதி விலையில் டிக்கெட் தருவது வழக்கம். நிர்வாகம் முழு விலை கேட்டதும் கூட்டம் உள்ளே புகுந்து பெஞ்சுகளை உடைத்தது.

1778இல் ஆர்ன் இறந்தார். 1808இல் அந்தக் கொட்டகை தீப்பிடித்தது. ஓபராவின் அச்சான பதிப்பில் 'ஏரியா' எனப்படும் தனிப்பாடல்கள் இருந்ததால் அவை பிழைத்தன. வசனத்தைப் பாடும் ரெசிடேட்டிவ் பகுதிகளில் பெரும்பாலானவையும் கடைசிக் கோரஸும் போயே போய்விட்டன. இன்று மேடையேற்றுபவர்கள் அவற்றைப் புதிதாக எழுதிச் சேர்க்கிறார்கள். கொட்டகையை நம்பி வாழ்ந்த மனுஷனின் கையெழுத்துப் பிரதி அந்தக் கொட்டகையோடு எரிந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

இதிலிருந்து முதலில் 'வாட்டர் பார்ட்டட் ஃப்ரம் த சீ' கேளுங்கள். அலட்டலே இல்லாத மெட்டு. அப்புறம் 'த சோல்ஜர் டயர்ட்'. டிரம்பெட்டோடு போட்டி போட்டுக்கொண்டு குரல் மேலே ஏறும். அதை முதலில் பாடிய சார்லட் பிரென்ட் ஆர்னின் மாணவி. அந்தக் குரலின் வீச்சை அளந்து தைத்த பாட்டு இது.