கரிசலின் வெடிப்பும் செவலின் புற்றும்

நேயர்களுக்கு வணக்கம். மண் வகைகளைப் பற்றியும் மண்ணில் வாழும் உயிர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, இவற்றை இரண்டு உரைகளாகப் பிரித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்கள். ஒரே உரையாக இருக்கட்டும் என்றேன். இன்ன மண் என்று தெரியாமல், அதில் வாழும் உயிர் அங்கே என்ன வேலை செய்கிறது என்று சொல்ல இயலாது என்பதுதான் நான் இன்று பேச வந்த செய்தி.

நம் உழவர்கள் மண்ணின் மேல் நின்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கரிசல், செவல், வண்டல், களர், தேரி ஆகிய பெயர்களில் மண்ணின் நிறமும், அது நீரைக் குடிக்கும் விதமும், ஏருக்குக் காட்டும் முரண்டும் அடங்கியிருக்கின்றன. மண்ணியலாளரோ குழிக்குள் இறங்கிப் பார்க்கிறார். ஓராள் ஆழத்துக்கு வெட்டிய குழியின் சுவரில் மேலிருந்து கீழாகத் தெரியும் அடுக்குகளை மண்கண்டம் என்கிறோம். இந்தப் பார்வைக்கு அடித்தளமிட்டவர் ரஷ்ய நாட்டின் வசீலி தொகுச்சாயெவ். 1883-இல் அவர் வெளியிட்ட கருமண் ஆய்வுக்குப் பிறகு, பாறை, தட்பவெப்பம், நிலத்தின் வாட்டம், உயிர்கள், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை உருவாக்குகின்றன என்ற கருத்து வேரூன்றியது. அந்த ஐந்தில் உயிர்களும் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் மண் அளவாய்வுக்குப் பெரிதும் பயன்படுவது 1975-இல் நூலாக வெளிவந்த அமெரிக்க வகைப்பாடாகும். அதில் இன்று 12 பெரும்பிரிவுகள் உள்ளன. நம் கரிசல் அதில் வெர்டிசால் எனப்படுகிறது. செம்மண்ணில் ஒரு பெரும்பகுதி ஆல்ஃபிசால் என்ற பிரிவில் அமைகிறது. மிகக் கீழ்நிலைப் பிரிவுக்குத் தொடர் என்று பெயர். அது ஊர்ப் பெயரால் வழங்கும். கோவையின் கரிசலுக்குப் பீளமேடு தொடர், செம்மண்ணுக்கு இருகூர் தொடர். பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தாம். மண் மட்டும் வேறு.

இந்த வகைப்பாடு வேதியியலையும் களியின் அளவையும் மட்டுமே பார்க்கிறது, உயிர்களைப் பார்ப்பதில்லை என்று குறை சொல்வோர் உண்டு. அது முழு உண்மையன்று. புல்வெளிகளின் கருமண்ணை அடக்கிய மாலிசால் பிரிவில், புழுத்துளைகளும் புழுவின் எச்சமும் தூர்ந்துபோன விலங்கு வளைகளும் பாதியளவுக்கு மேல் நிறைந்த மண்ணுக்கென்றே ஓர் உட்பிரிவு உண்டு. அதன் பெயரில் புழுவைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஒட்டியிருக்கிறது. அங்கே புழு மண்ணில் குடியிருக்கிறது என்பதைவிட, மண்ணே புழுவின் கைவேலை என்பது பொருந்தும்.

இனி நம் ஊர் மண்ணுக்கு வருவோம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் பட்டால் ஊதியும் காய்ந்தால் சுருங்கியும் போகும் ஸ்மெக்டைட் வகைக் களியே இதற்குக் காரணம். வெடிப்புக்குள் மேல்மண் உதிர்ந்து விழுகிறது. மழை வந்ததும் கீழ்மண் ஊதிப் புடைத்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கிறது. மண்கண்டத்தில் அந்த வழுக்கல் தடங்கள் மெருகிட்டதுபோல் பளபளக்கும். கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்ளும் என்பது வெறும் பேச்சன்று. இப்படி ஊதிச் சுருங்கும் மண்ணில் நிலையான வளை நிற்பது கடினம். ஆகவே கோடையில் இங்கே கொத்திப் பார்த்து மண்புழு இல்லையே என்று கவலைப்படுவதில் பொருளில்லை. பல மண்புழுக்கள் ஆழத்தில் கோலிக்குண்டு அளவு அறையில் சுருண்டு, மழை வரும்வரை உறங்கிக் கிடக்கும். முதல் மழைநீர் உள்ளே இறங்க வெடிப்பே வழிவிடுகிறது. அந்த வேலைக்குக் கரிசலுக்குப் புழு தேவையில்லை.

செவலின் கதை நேர்மாறானது. அதன் களி அதிகம் ஊதுவதில்லை, வெடிப்பதும் இல்லை. மழைத்துளி அடித்து மேற்பரப்பு இறுகிவிட்டால், காய்ந்தபின் ஓடு பிடித்துக்கொள்ளும். அடுத்த மழை மேலோடு ஓடிவிடும். அந்த ஓட்டைத் துளைத்து நீருக்கு வாசல் திறப்பவை எறும்பும் மண்புழுவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரையானும்தாம். கரையான் என்றதும் மருந்தைத் தேடுகிறோம். நிலக்கடலையின் காயை அது சேதப்படுத்துவதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரையான் இனங்களில் பெரும்பாலானவை உண்பது காய்ந்த சருகையும் செத்தையையும்தான். ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், இறுகிப்போன நிலத்தில் சிறு குழிகள் வெட்டி எரு இட்டு வைப்பார்கள். எருவைத் தேடி வரும் கரையான் துளைத்த வழியாகவே மழைநீர் உள்ளே இறங்குகிறது. அங்கே கரையானை வேண்டுமென்றே விருந்துக்கு அழைக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். மண்புழு உரத் தொட்டியில் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழுவை வாங்கிச் சென்று நேரே வயலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மட்கும் குப்பையில் மேலாக வாழும் புழு; மூடாக்கு இல்லாத வெறும் வயலில் அது பிழைப்பது அரிது. நம் வயல்களில் வளை தோண்டி வாழும் லாம்பிட்டோ மாரிட்டியை போன்ற புழுக்களை யாரும் விலைக்கு வாங்கி விட்டதில்லை. தின்னச் செத்தையும் குடியிருக்க ஈரமும் இருந்தால் அவை தாமே பெருகும்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிச் சொல்ல நேரம் குறைவு. முதல் மழையில் எழும் மண்வாசனையில் பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு உரியது. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின், 1943-இல் இந்த இனத்திலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. பயறு வகைகளின் வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று பொருள், பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது.

நேயர்கள் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்றும் உண்டு. நல்ல மழை பெய்த மூன்றாம் நாள், வெயில் ஏறுமுன், ஓரடி நீளம், அகலம், ஆழம் உள்ள மண்கட்டி ஒன்றை வெட்டியெடுத்து, வெள்ளைச் சாக்கின்மேல் உதிர்த்து, அதில் ஊர்வனவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கரிசலின் எண்ணிக்கையைச் செவலோடு ஒப்பிட வேண்டாம். அதே வயலின் வரப்போரத்தில், ஏர் படாத இடத்தில், இன்னொரு கட்டி எடுத்து அதனோடு ஒப்பிடுங்கள். உங்கள் மண் எவ்வளவு உயிரைத் தாங்கக்கூடும் என்பதை வரப்பு ஓரளவு காட்டிவிடும். நன்றி, வணக்கம்.