புளியோதரைப் பக்தி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் கம்மி, நேரா சண்டைக்கு வந்துடறேன்.

இந்து சமயத்தைத் தாங்கி நிற்பது தத்துவமா, பக்தியா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் கர்மவினை, மறுபிறவி, ஆத்மா, பிரம்மம், அறம் பொருள் இன்பம் வீடுன்னு ஒண்ணு விடாம அடுக்கினார். எல்லாம் சரிதான். ஆனா போகிற போக்குல ஒரு கடி கடிச்சாரே! "தத்துவம் தெரிஞ்சவன் மூலவரைப் பார்ப்பான், பக்திக்காரன் புளியோதரை வரிசையைப் பார்ப்பான்." நீங்களும் கைதட்டினீங்க. முன்வரிசையில ஒரு ஐயா விழுந்து விழுந்து சிரிச்சார். அவர் கையில இப்பவும் தொன்னை இருக்கு!

ஆமா சார், வரிசையைத்தான் பார்க்கிறோம். அதுல எனக்கு முன்னால நிக்கிறவர் என்ன சாதின்னு எனக்குத் தெரியாது, கேட்கவும் தோணாது. புரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்தை சாதி பார்க்காம சேர்ந்து சாப்பிடறது பழைய மரபு. யார் கையால யார் தண்ணி வாங்கிக் குடிக்கலாம்னு கணக்குப் போட்ட சமூகம் இது. அந்தக் கணக்கு பிரசாதத்துகிட்ட தோத்துச்சு. புளியோதரையைக் கேவலமாப் பேசாதீங்க.

இப்ப உங்க தத்துவத்துக்கு வர்றேன். "சர்வம் கல்விதம் பிரம்ம", எல்லாமே பிரம்மம்னு சாந்தோக்கிய உபநிடதம் சொல்லுது. பிரமாதம். ஸ்ரீரங்கத்துல லோகசாரங்கர்னு ஒரு முனிவர். அவருக்கு இது தெரியாம இருக்குமா? திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் எடுக்கக் காவிரிக்கு வர்றார். கரையில ஒரு பாணர், கையில யாழ். அரங்கன் இருக்கிற திசையைப் பார்த்துப் பாடிக்கிட்டே இருக்கார். ஆத்தைத் தாண்டி வர அவருக்கு உரிமை கிடையாது. "தள்ளிப் போ"ங்கிறார் முனிவர். காதுல விழல. மறுபடி கூப்பிடறார். ம்ஹூம். எல்லாமே பிரம்மம்னு படிச்சவர் என்ன பண்ணினார்? கல்லை எடுத்தார்! நடுவர் அவர்களே, எல்லாமே பிரம்மம், அந்தப் பாணர் மட்டும் அதுல சேர்த்தி இல்லையா? கல்லு பிரம்மம், காவிரி பிரம்மம், கூஜா பிரம்மம், நெத்தியில ரத்தம் வழிய நிக்கிறவர் மட்டும் 'தள்ளிப் போ'வா?

அன்னிக்கு ராத்திரி கனவுல அரங்கன் வந்தான். "போய் அவனை உன் தோள்ல தூக்கிட்டு வா"ன்னான். காலையில முனிவர் ஓடறார். பாணர் "வேண்டாம் சாமி, நான் வரக்கூடாது"ங்கிறார். இவர் குனியறார், அவர் நகர்றார். இவர் இன்னும் குனியறார், அவர் இன்னும் நகர்றார். நேத்து "தள்ளிப் போ"ன்னவர் இன்னிக்கு "தோள்ல ஏறு, ஏறு"ன்னு கெஞ்சறார்! கடைசியில தூக்கிக்கிட்டுத்தான் போனார். திருப்பாணாழ்வாருக்கு முனிவாகனர்னு பேர் வந்த கதை இது. முனிவரே வாகனம்!

ரிக் வேதத்தின் பத்தாவது மண்டலத்துல புருஷ சூக்தம் நாலு வருணத்தையும் சொல்லுது. வாய், தோள், தொடை, பாதம். அந்த நாலுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே போய் 10 பாசுரம் பாடினார். எங்கே ஆரம்பிச்சார் தெரியுமா? பாதத்துல!

எதிரணி அடுத்து என்ன கேட்கும்னு எனக்குத் தெரியும். "அப்புறம் ஏன்யா 1939 ஜூலை 8 வரைக்கும் மதுரை மீனாட்சி கோயில் கதவு தாழ்த்தப்பட்டவங்களுக்குத் திறக்கல?" நியாயமான கேள்வி. அன்னிக்குத்தான் காந்தியவாதி வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட சமூகத்துல பிறந்த கக்கன் உள்ளிட்டவங்களோட உள்ளே போனார். அதுக்கு முன்னால எத்தனை தலைமுறை வெளியே நின்னுச்சு! கோபுர தரிசனம் கோடி புண்ணியம்னு நாம சொகுசா சொல்லிக்கிறோம். கோபுரத்தைத் தவிர வேற எதையும் பார்க்க விடாத ஜனங்க இருந்தாங்கய்யா. கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு வீதியில நின்ன ஒரு தாய், "ஆத்தா மீனாட்சி, என் புள்ளையைக் காப்பாத்து"ன்னு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டிருப்பாளே! அவளுக்கு உபநிடதத்தை யாரும் சொல்லித் தரல. பிரசாதம்கூடத் தரல. உள்ளேயே விடாத சாமியை ஏன் அவ விடல?

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடறேன். அந்தத் தாயை எந்த அணியில உட்கார வைப்பீங்க, நடுவர் அவர்களே? நன்றி, வணக்கம்.