வீட்டில் எஞ்சின் பிரிப்பவருக்கு நம்பகமான வழிகாட்டி எது?

நேயர்களுக்கு வணக்கம்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆயினும், அப்பா ஓட்டிய வண்டி என்பதற்காகவே அதை விற்க மனமில்லாமல் பேணிவரும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அந்த வண்டி நீலப் புகை விடத் தொடங்கி, ஆயிலும் குறைந்துகொண்டே போகும்போது, எஞ்சினை இறக்கி நாமே வேலை பார்த்தால் என்ன என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது வருகிறது. அந்த எண்ணத்தை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். மூன்றே சிலிண்டர்கள் கொண்ட அந்த 796 சி.சி. எஞ்சின், கற்றுக்கொள்பவருக்கு மிகவும் ஏற்றது. கருவிகளை வாங்கிவிடலாம், உதிரி பாகங்களையும் தேடிப் பிடித்துவிடலாம்; யார் சொல்வதை நம்புவது என்று முடிவு செய்வதுதான் கடினம்.

கிடைக்கும் அறிவுரை எந்த எஞ்சினுக்கு உரியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாருதி 800 வண்டியில் வந்த எஃப் 8 பி எஞ்சினும், 2000ஆம் ஆண்டில் ஆல்டோவில் வந்த எஃப் 8 டி எஞ்சினும் ஒரே 796 சி.சி. அளவுடையவை, சிலிண்டர் விட்டமும் இரண்டிலும் 68.5 மி.மீ.தான். ஆனால் முன்னதில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள், பின்னதில் நான்கு. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வேறு, இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வேறு, இறுக்கும் அளவுகளும் வேறாக இருக்கலாம். '800 சி.சி. எஞ்சின்' என்று மட்டும் சொல்லித் தொடங்கும் எந்த விளக்கத்தையும், எஞ்சினின் குறியீட்டைச் சொல்லும்வரை நான் ஏற்பதில்லை.

அடுத்தது, தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு. வண்டியுடன் தரப்படும் உரிமையாளர் கையேடு இதற்குப் பயன்படாது. பணிமனைகளுக்கென்று எழுதப்படும் கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு அளவுகள் இருக்கும்: புதிதாக இருக்கும்போது உள்ள அளவு ஒன்று, தேய்மானத்தில் அதற்கு மேல் போகக்கூடாத எல்லை மற்றொன்று. இந்த இரண்டாவது அளவுதான் விலைமதிப்பற்றது, ஏனெனில் பாகத்தை மாற்றுவதா, அப்படியே போடுவதா என்ற கேள்விக்கு அதுவே விடை சொல்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங்கை எடுத்துக்கொள்வோம். ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கிறோம். விட்டத்தில் ஒவ்வோர் 25 மி.மீ.க்கும் ஏறத்தாழ 0.1 மி.மீ. இடைவெளி என்பது எஞ்சின் கட்டுவோரிடையே வழங்கும் பொதுக் கணக்கு, 68.5 மி.மீ. சிலிண்டருக்கு அது ஏறக்குறைய 0.27 மி.மீ. ஆகிறது. கையேட்டின் எண்ணும் இந்தக் கணக்கும் அருகருகே வந்தால் மனம் தெளிகிறது. வெகுவாக விலகினால், நாம் வேறொரு எஞ்சினின் பக்கத்தைப் பார்க்கிறோமா என்று சோதிக்க வேண்டும்.

போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சின் எண்களில் இன்னும் கவனம் தேவை. பழைய ஜப்பானியக் கையேடுகள் கிலோகிராம்-மீட்டரில் சொல்லும், புதியவை நியூட்டன்-மீட்டரில், அமெரிக்கர்கள் அடி-பவுண்டில். எடுத்துக்காட்டாக, 5.5 கிலோகிராம்-மீட்டர் என்பது 54 நியூட்டன்-மீட்டர், அதாவது 40 அடி-பவுண்டு. யாரோ '54' என்று மட்டும் சொல்ல, அதை அடி-பவுண்டாக எடுத்துக்கொண்டவர் தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக முறுக்கிவிடுவார்; போல்ட் இழுபடும், அலுமினிய ஹெட் வளையவும் கூடும். மரையில் ஆயில் தடவ வேண்டுமா, உலர்வாக இருக்க வேண்டுமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும், ஏனெனில் ஆயில் தடவிய மரையில் அதே முறுக்குக்குப் பிடிப்பு அதிகமாகும். அலகையும் மரையின் நிலையையும் சொல்லாத எண் எண்ணே அல்ல.

கையேடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. துருப்பிடித்த ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்டை) உடையாமல் கழற்றுவது, பழைய பேரிங்கின் தேய்மானத்தைப் பார்த்தே, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் வளைந்திருக்குமோ என்று ஐயுறுவது போன்றவை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் மட்டுமே கிடைக்கும் அறிவு. அத்தகையவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். மரியாதையுடன் கேட்டால் மனமுவந்து சொல்லித் தருகிறார்கள். அவர்களுள் யாரைப் பின்பற்றுவது என்றால், விரலால் தடவிப் பார்த்து 'இது போதும்' என்பவரைவிட, 'மைக்ரோமீட்டரில் எவ்வளவு காட்டியது?' என்று நம்மிடம் திருப்பிக் கேட்பவரைத்தான் நான் பரிந்துரைப்பேன். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். அதை எந்த விரலாலும் உணர முடியாது.

தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் போரிங் பட்டறைக்காரரும் நமக்கு ஆசிரியரே. சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவோர் உண்டு. அது தலைகீழான முறை. 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதல் அளவுள்ள பிஸ்டன்களை முதலில் வாங்கி, அவற்றையும் பிளாக்குடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நல்ல பட்டறையில் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கேற்பவே சிலிண்டரைக் குடைவார்கள். வேலை முடிந்ததும் அளவுகளை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் பட்டறையை விட்டு விலகிவிடலாம்.

காணொளிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கை எப்படி அசைகிறது என்பதைக் கற்க அவை உதவும்; எண்களை மட்டும் அவற்றிலிருந்து எடுக்க வேண்டாம். அவற்றைவிட முக்கியமானவை, கழற்றும்போது நீங்களே எடுத்துவைக்கும் படங்கள். பேரிங் மூடிகளும் கனெக்டிங் ராடு மூடிகளும் எந்த இடத்தில், எந்தப் பக்கம் நோக்கி இருந்தனவோ அப்படியே திரும்பப் போக வேண்டியவை. அதை உங்கள் படமும் நீங்கள் இட்ட குறியும்தான் சொல்லும்.

எஞ்சினை மாட்டிய பிறகு ரன்னிங்-இன், அதாவது புதிதாகக் கட்டிய எஞ்சினை ஓட்டிப் பழக்குவதை, எப்படிச் செய்வது என்பதில் நல்ல மெக்கானிக்குகளே இரு கட்சியாகப் பிரிவார்கள். அங்கும் கையேட்டை ஒட்டியே நடப்பது நல்லது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றிவிட்டு அதன் பிறகே முதன்முறை ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டியை நிறுத்தியபடி ஐட்லிங்கில் நெடுநேரம் விடாதீர்கள். முதல் ஆயிலை வழக்கத்தைவிட விரைவில் வடித்து, அதில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.