வயலின் எந்த ஊர் வாத்தியம்?

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, கோயில் கொடைக்கு வந்து இந்நேரம் வரைக்கும் கலையாம உக்காந்திருக்கிற தாய்மாரே, பெரியோரே, எல்லாருக்கும் வணக்கம்.

பல இசையையும் ஒண்ணாக் கலக்குத டிஜே இசையை வளக்காரா, கெடுக்காரா? வளக்காருன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின அண்ணாச்சி மூணு குத்தம் சொன்னாவ. பொத்தானை அமுக்குதவனுக்குக் கலைஞன்னு பேரா? அவன் பண்ணுதது கலப்படம். கடைசியில அவீச்சிங்கிற டிஜேவோட வாழ்க்கை என்ன ஆச்சு? இந்த மூணுதான்.

பொத்தானை முதல்ல பாப்போம். நேத்து சாமக்கொடையில நையாண்டி மேளம் அடிச்சாவளே, பாத்தியளா? உறுமிக்காரர் கண்ணு உறுமியில இல்ல, சாமியாடி கால்ல இருந்துச்சு. கால் லேசாத் துடிச்ச உடனே அடி மாறுச்சு. பம்பை சேந்துச்சு, தவில் ஏறுச்சு, சாமி இறங்குச்சு. அந்த வேலையைத்தான் டிஜேவும் பாக்காரு. ஒரு காதுல கூட்டம் ஆடிக்கிட்டிருக்கிற பாட்டு, இன்னொரு காதுல ஹெட்போன் வழியா அடுத்த பாட்டு. ஹவுஸ்ங்கிற ஆட்ட இசைன்னா நிமிஷத்துக்கு 120லேருந்து 130 அடி வரை ஓடும். ரெண்டு பாட்டோட அடியும் ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா விழணும். கொஞ்சம் பிசகினா ரெண்டு குதிரை தனித்தனியா ஓடுத மாதிரிக் கேக்கும், ஆடுதவன் நின்னுருவான். இது மேடை வேலை மட்டும். அதுக்கு முன்னால கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து ஒவ்வொரு சத்தமா இழைச்சு உருவாக்குத வேலை தனி.

அடுத்தது கலப்படம். நடுவர் அய்யா, கச்சேரியில வயலின் இல்லாம இன்னைக்கு ஒரு வித்வான் உக்காருவாரா? அது எந்த ஊர் வாத்தியம்? ஐரோப்பாவுல இருந்து வந்தது. அதைக் கத்துக்கிட்டு நம்ம இசைக்குள்ள கொண்டுவந்தவர் பாலுஸ்வாமி தீட்சிதர். அவரை வச்சுக் காப்பாத்தினது எட்டயபுரம் சமஸ்தானம், நம்ம பழைய திருநெல்வேலிச் சீமை! அவரோட அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர், சங்கீத மும்மூர்த்தியில ஒருத்தர், 1835ல எட்டயபுரத்துலதான் சமாதி ஆனார். அந்த மகான் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அதுக்கு சமஸ்கிருதத்துல சாகித்தியம் பண்ணினார். நோட்டுஸ்வரம்னு சொல்லுதோம். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துத மெட்டுல அம்பாளைப் பாடியிருக்காரு. அதைக் கலப்படம்னு சொல்ல இந்த மேடையில யாருக்காவது நாக்கு வருமா?

இன்னொருத்தர் மும்பையில இருந்தார். சரண்ஜித் சிங், சினிமா வாத்தியக்காரர். 1982ல ரோலண்டு கம்பெனியோட 303ங்கிற பேஸ் சத்த மிஷினையும் 808ங்கிற தாள மிஷினையும் வச்சு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துல போட்டார். அன்னைக்கு யாரும் சீண்டல. 1987ல அதே 303 மிஷின்ல சிகாகோ பையன்க பண்ணினதுக்கு ஆசிட் ஹவுஸ்னு பேரு வந்து உலகமே ஆடுச்சு. 2010ல சரண்ஜித் சிங்கோட இசைத்தட்டு மறுபடி வெளிவந்தப்பதான், இதை இவர் அஞ்சு வருஷம் முந்தியே பண்ணிட்டாரேன்னு வாயைப் பிளந்தாவ. எழுபது வயசுக்கு மேல ஐரோப்பாவுல மேடை ஏறினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மூணாவதா அண்ணாச்சி சொன்னது அவீச்சியை. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் பையன், நிஜப் பேரு டிம் பெர்க்லிங். 2013 மார்ச்சுல அமெரிக்காவுல மயாமி அல்ட்ரா இசை விழாவுல, எலக்ட்ரானிக் கேக்க வந்த கூட்டத்துக்கு முன்னால அந்த ஊர்க் கிராமத்துக் கண்ட்ரி பாணியில பாட ஒரு குழுவை வாத்தியத்தோட கொண்டுவந்து நிறுத்தினான். கூட்டம் பிடிக்காம ஊளையிட்டுச்சு. கலப்படம்னு அன்னைக்கே சொன்னாவ! நாலே மாசத்துல, அன்னைக்குப் பாடின 'வேக் மீ அப்' பாட்டு பிரிட்டன்ல முதலிடம். அப்போ அவனுக்கு வயசு 23.

அவன் 28 வயசுல போனது உண்மைதான். ஆனா அவனை அலைக்கழிச்சது இசை இல்ல அய்யா. ஊர் ஊரா ஓயாத மேடை, குடி, கணைய நோய், ஆபரேஷன். 2016ல மேடையை விட்டான், இசையை விடல. பாதியில நின்ன பாட்டுகளைக் கூட்டாளிகள் முடிச்சு 2019ல வெளியிட்டாவ. ஒரு பிள்ளையைப் பிழிஞ்சு எடுத்த தொழில் முறையைக் கேளுங்க, நானும் சேந்து கேக்கேன். அதுக்காக அவன் இசையைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க.

ஒரே ஒரு இடத்துல நான் எதிரணியோட நிக்கேன். நம்ம கணியான் கூத்துக்காரர் அடிக்கிற மகுடம்ங்கிற பறைச் சத்தத்தை எடுத்துப் போட்டுட்டு, அடிச்சவர் பேரையும் போடாம, காசும் கொடுக்காம விட்டா அது களவு.

மணி அடிச்சுட்டாவ. விழாக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த கொடைக்கு நம்ம பக்கத்து டிஜே பையன் ஒருத்தனைக் கூப்பிடுங்க. மகுடத்தைத் தீயில காய்ச்சிச் சுதி ஏத்தும்போதே அவனைப் பக்கத்துல உக்கார வைங்க. கூத்து முடிஞ்ச பிறகு ரெண்டு பேருக்கும் சேத்து அரைமணி நேரம் மேடை கொடுங்க. வணக்கம்.