பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பல் நாற்காலி

(பெற்றோர் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, சற்றே திருத்தி எழுதியது)

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி, எனக்கிருந்த நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்ட பல் மருத்துவக் கல்லூரியின் முன்னாள் முதல்வர் அம்மையார் அவர்களே, இன்னொரு கூட்டம் இருப்பதாக என் காதில் மட்டும் சொல்லியிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பல் மருத்துவர்களே! உங்களை மட்டும் இரண்டு முறை வணங்கிவிடுகிறேன். இன்றைக்கு உங்களோடு கொஞ்சம் வழக்காட வேண்டியிருக்கிறது.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். 31 ஆண்டுகள் சுண்ணக்கட்டித் தூளைச் சுவாசித்தவன். அதில் கடைசி 11 ஆண்டுகள் தலைமையாசிரியர். மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். பல் மருத்துவர் அல்லாத 'பல் சிகிச்சையாளர்' என்பவர் யார்? அவர் வருவதைச் சிலர் ஏன் விரும்பவில்லை? அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

என்னிடம் படித்தவர்கள் நாலைந்து பேர் இங்கே தென்படுகிறார்கள். நான் எந்தப் பழமொழியை எடுக்கப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இப்போதே சிரிக்கிறார்கள். நகத்தால் கிள்ளுவதைக் கோடரி கொண்டு வெட்டுவானேன்? பென்சில் தொலைந்ததற்கெல்லாம் அப்பாவை அழைத்துவரச் சொன்ன ஆசிரியர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குப் பல்லுக்குச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். பாட்டு ஒப்பிக்க முதல் ஆளாகக் கை தூக்குகிறவள், ஒரு பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை. இடது கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பாள். வகுப்பாசிரியை 'கவனம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் காலை கன்னம் வீங்கி, கண் பாதி மூடிய நிலையில் வந்து நின்றாள். வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்வரிசையின் கடைசிப் பல் கறுத்துக் குழி விழுந்திருந்தது. 'பால் பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று பெரிய ஞானி போலச் சொன்னேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். ஏற்கெனவே இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போய், வரிசை முடிந்துவிட்டது என்று திரும்பியிருக்கிறார். மூன்றாவது முறை நானும் கூடப் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். மதியத்துக்கு மேல்தான் முறை வந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு மேல் விளக்கைப் போட்டார்களோ இல்லையோ, பெண் வாயைப் பூட்டிக்கொண்டது. மருத்துவர் கெஞ்சினார். அம்மா மிரட்டினார். நான், தலைமையாசிரியர் குரலை எடுத்துப் பார்த்தேன்; பள்ளிக்கூடத்தில் செல்லுபடியாகும் அந்தக் குரல் அங்கே செல்லவில்லை. கடைசியில், 'இதோ பார், நானே உட்காருகிறேன். ஒன்றும் செய்யாது' என்று ஏறி உட்கார்ந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. கால் மேலே போனது. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. மருத்துவர் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டார். பேச்சையே காணோம். பிறகு மெதுவாக, 'ஐயா, உங்களுக்கு மூன்று சொத்தை இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும்' என்றார்.

அந்தப் பருவத்திலேயே முதன்முறையாக அந்தப் பெண் சிரித்தாள். சிரிக்க வாய் திறந்தது. அந்தச் சமயம் பார்த்து மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டார். (நீங்களும் சிரிக்கலாம். மறுவாரம் அந்தப் பல்லைப் பறிகொடுத்தவன் நான்.)

பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். 'இது பால் பல் இல்லை, ஐயா. ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எதுவும் விழாமலே முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல். இது போனால் வேறு முளைக்காது. ஒரு வருடம் முன்பு வந்திருந்தால் சுத்தம் செய்து அடைத்திருக்கலாம். முளைத்தவுடன் வந்திருந்தால் மேலே இருக்கும் பள்ளங்களில் ஒரு பூச்சுப் பூசி விட்டிருக்கலாம். இப்போது வேர் சிகிச்சை செய்ய வேண்டும். இல்லையென்றால் பிடுங்க வேண்டும்.' அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: 'எதற்குக் குறைந்த நாள் வர வேண்டும்?' வீக்கம் வடிந்ததும் பல்லைப் பிடுங்கினார்கள். வயது எட்டு.

நகத்தால் கிள்ளியிருக்க வேண்டியது அது. கிள்ள அங்கே நகம் இல்லை.

அந்த நகத்துக்குத்தான் பல் சிகிச்சையாளர் என்று பெயர். பல் மருத்துவர் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ படிக்கிறார். இவர் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் படிக்கிறார். குழந்தைகளின் வாயைப் பரிசோதிப்பது, சொத்தை வராமல் ஃபுளோரைடு பூசுவது, பள்ளங்களை மூடுவது, சிறு சொத்தையைச் சுரண்டி அடைப்பது, ஆடும் பால் பல்லை எடுப்பது ஆகியவை இவர் வேலை. அதைத் தாண்டியது எதுவும் மருத்துவருக்குப் போகும். கோடரி என்றதும் முன்வரிசை கோபிக்க வேண்டாம். கோடரிதான் வேண்டும் என்று நிற்கிற மரமும் உண்டு.

இது நேற்று முளைத்த யோசனை அன்று. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது நியூசிலாந்து இளைஞர்களின் பற்கள் இருந்த நிலையைக் கண்டு அந்த நாடே வெட்கப்பட்டது. படையின் பல் மருத்துவப் பிரிவை நடத்திய தாமஸ் ஹன்டர் 1921இல் வெலிங்டனில் இளம்பெண்களைச் சேர்த்து, இரண்டு ஆண்டுப் பயிற்சி தொடங்கினார். அவர்கள் பள்ளிகளுக்குப் போனார்கள். காலால் மிதித்துச் சுழற்றும் துளையிடும் கருவி. பிள்ளைகள் அந்த அறைக்குக் 'கொலைக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேவைக்கு மேல் குடைந்தார்கள் என்ற புகாரிலும் உண்மை உண்டு. ஆனால் வலியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையை, மணி அடிப்பதற்குள் பார்த்து அனுப்ப அதே வளாகத்தில் ஓர் ஆள் இருந்தார். இன்று மலேசியா என்கிறோமே, அன்றைய மலாயா, 1949இல் பினாங்கில் இதே பயிற்சியைத் தொடங்கியது. இலங்கையில் மகரகமையில் பயிற்சி பெற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கிறார்கள். இன்று 50க்கும் மேற்பட்ட நாடுகளில் இவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது செய்தி, எதிர்ப்பு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1949இல் சோதனை முயற்சியாக இப்படியொரு பயிற்சிக்குச் சட்டம் இயற்றி, பல் மருத்துவர் சங்கங்களின் கூச்சலுக்குப் பயந்து 1950இலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், சாலையே போகாத, சிறு விமானமும் படகும் மட்டுமே போகிற கிராமங்கள் உண்டு. அங்குள்ள பழங்குடி இளைஞர்கள் 2003இல் நியூசிலாந்துக்குப் போய்ப் படித்து வந்தார்கள். அவர்கள் மேல் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2007இல் நீதிமன்றம் சிகிச்சையாளர்கள் பக்கம் நின்றது. அதே 2007இல், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பல்லில் தொடங்கிய கிருமி மூளைக்கு ஏறி இறந்தான். 80 டாலர் செலவில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. இரண்டு அறுவைச் சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. பழமொழியைத் திரும்பச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

'குறைந்த படிப்பு, குறைந்த தரம்' என்கிறார்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இவர்களுக்கு அனுமதித்த வேலையில் தரம் தாழ்ந்ததாகக் காணவில்லை. 'ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியமா?' என்று அம்மையார் கேட்டார். மதித்துச் சொல்கிறேன், அம்மா: அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு வருடம் எந்தத் தரமும் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, பால் பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் 51 கோடிக்கும் மேல் என்கிறது. அத்தனை பேரும் இரண்டு பஸ் மாறி வந்தால் உங்கள் வரிசை என்ன ஆகும்?

இனி என் கோரிக்கை. வருடத்துக்கு ஒரு முறை முகாம் என்று வருகிறார்கள். ஒரு பிரஷ் கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், 'சிகிச்சை தேவை' என்று சீட்டு எழுதுகிறார்கள், போய்விடுகிறார்கள். சொத்தை அந்தச் சீட்டைப் படிக்குமா? எனக்கு முகாம் வேண்டாம். ஓர் அறை, ஒரு நாற்காலி, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு சிகிச்சையாளர், தேவைப்பட்டால் அவர் தொலைபேசியில் அழைக்க ஒரு பல் மருத்துவர். அறைக்கு எங்கே போவது என்கிறார்கள். எந்தப் பள்ளியிலும் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்த அறை ஒன்று இருக்கும். 11 ஆண்டுகள் சாவி என்னிடம் இருந்தது, நானும் திறக்கவில்லை.

மூன்றாவது செய்தியான சம்பளம்... தலைவர் இரண்டாவது துண்டுச் சீட்டும் அனுப்பிவிட்டார். மாமன்ற உறுப்பினரும் எழுந்துவிட்டார். ஐயா, ஒரே ஒரு நிமிடம்; வாசலில் மேசை மேல் கோரிக்கைத் தாள் இருக்கிறது, முதல் கையெழுத்துக்கு இடம் உங்களுக்காகவே காலியாக விட்டிருக்கிறோம். மற்றவர்களும் போட்டுவிட்டுப் போகலாம். பேனாவை மட்டும் அங்கேயே வைத்துவிடுங்கள். சென்ற கூட்டத்தில் இரண்டு போய்விட்டன. நன்றி, வணக்கம்.